பெரியவனின் வாடை

அண்ணிக்குத்தான் முதலில் அந்த வாடை தெரிந்தது. சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவள், கொழுந்தனுடைய தட்டை எடுக்கக் குனிந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. மதுக்கடையைத் தாண்டிப் போகையில் மூக்கில் ஏறுமே, அந்தக் காட்டமான நெடி இல்லை. இனிப்பும் புளிப்புமாக, உடம்புச் சூட்டில் ஊறி மூச்சோடு கலந்து வரும் வாடை. அந்த வாடையோடு பல வருடம் படுத்து எழுந்தவள் அவள். அது அவளுடைய புருஷனின் வாடை. அவன் செத்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது.

அவள் தட்டுகளைக் கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, குழாயைத் திறக்காமல் வெகுநேரம் நின்றாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அங்கே யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவன், சின்னவன், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் அதுவே பழகிப்போனது. குடியிருந்ததோ மூன்றாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் மேல ஏத்தி விடறோம், நாம மட்டும் நடந்து சாகறோம்" என்று பெரியவன் படியேறும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சொன்னபடியே அந்தப் படியில்தான் அவன் செத்தான். குடித்தே செத்தான் என்பது ஊரறிந்த விஷயம். கம்பெனியில் எச்சரித்துப் பார்த்தார்கள், பிறகு சீட்டைக் கிழித்தார்கள். வீட்டில் அழுது பார்த்தார்கள், சண்டை போட்டுப் பார்த்தார்கள். "ஒரு சொட்டுகூடத் தொடல, உன் தலைமேல சத்தியமா" என்று மனைவியின் தலையில் கை வைத்து அவன் சொல்லும்போதே நாக்கு குழறும். அதற்குமேல் யார்தான் நம்புவார்கள்? கடைசியாக ஒரு குளிர்கால மழையில், தள்ளாடிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். உள்ளே அண்ணி எழுந்தாள். "திறக்காதீங்க அண்ணி. ஒரு ராத்திரி வெளியில கிடந்தாத்தான் புத்தி வரும்" என்றான் சின்னவன். "கதவத் திற, குளிருது, கதவத் திற" என்ற குரல் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. காலையில் இரண்டு மாடிகளுக்கு நடுவே, படி திரும்பும் இடத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்தான்.

அந்த வீட்டில் அதன்பிறகு மது என்ற சொல்லையே யாரும் எடுத்ததில்லை. சின்னவன் இருமல் மருந்தைக்கூட வாசனை பார்த்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவான். அப்படிப்பட்டவனிடமிருந்துதான் இப்போது அந்த வாடை வந்தது.

அண்ணி வாயைத் திறக்காவிட்டாலும் விஷயம் தானாக வெளியே வந்தது. சின்னவனின் மனைவி சலவைக்கடையில் துணி தேய்ப்பவள். எந்தச் சட்டையில் என்ன கறை, எவர் வியர்வை என்று மூக்காலேயே சொல்லிவிடக்கூடியவள். புருஷனின் சட்டையைத் தேய்க்கும்போது ஆவியோடு சேர்ந்து அது எழுந்து வந்தது. அன்று மாலை அவனைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் கண் சிவந்தது, பேச்சு இழுத்தது, காரணமில்லாமல் சிரித்தான்.

"எங்க குடிச்சீங்க?"

"யாரு, நானா? வேலைக்குப் போய்ட்டு வந்த களைப்புடி."

"உங்க அண்ணனும் இதே களைப்பத்தான் சொன்னாரு."

அவன் முகம் சுண்டிவிட்டது. அவள் தேட ஆரம்பித்தாள். கருவிப் பையைக் கொட்டிப் பார்த்தாள். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால், அலமாரி மேல், பழைய பூட்ஸுக்குள், எங்கும் ஒன்றுமில்லை. ஒரு பாட்டில் கிடைத்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிடைக்காத பாட்டில்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

கம்பெனியிலும் அது வெடித்தது. ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு சின்னவனும், எல்லாரும் தாடி என்று கூப்பிடும் அவன் கூட்டாளியும், கூண்டு ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கீழே போக வேண்டிய கூண்டை சின்னவன் மேலே போகும் பொத்தானை அழுத்தி ஏற்றினான். தலைக்கு மேலே கான்கிரீட் உத்தரம் நெருங்கி வந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான். தாடி பாய்ந்து நிறுத்தும் பொத்தானைக் குத்தினான். உத்தரத்துக்கும் அவர்கள் தலைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை.

"டேய், நான் இன்னும் கல்யாணமே பண்ணல, தெரியுமா?" என்றான் தாடி. பிறகு சின்னவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனான். "ஐயோ. நீயுமா?"

மேற்பார்வையாளர் ஊதிப் பார்க்கும் கருவியோடு வந்தார். பெரியவன் செத்த பிறகுதான் கம்பெனியில் அதை வாங்கியிருந்தார்கள். சின்னவன் ஊதினான். எண் ஏறியதைப் பார்த்துவிட்டு அவர், "உங்க வீட்டுக்காகவே வாங்கி வெச்ச மாதிரி இருக்கு" என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடிந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சின்னவன் மனைவியின் எதிரே உட்கார்ந்தான். போதை தெளிந்திருந்தது. "நான் சொல்றத நீ நம்ப மாட்ட. எனக்கே நம்பிக்கை இல்ல. ஒண்ணு பண்ணு. என்னைப் பூட்டி வெச்சுக்க. நீயே கூட இரு. நீ குடுக்கறத மட்டும் சாப்பிடறேன். அப்புறம் பாரு."

அவளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. கதவை உள்பக்கம் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. கழிப்பறைக்குப் போனபோதுகூட அவள் வாசலில் நின்றாள். காலையில் வெறும் தேநீர். அதுவரை ஆள் கல்லுப்போல இருந்தான். மதியம் ஒரு தட்டு நிறையச் சோறும், அவித்த உருளைக்கிழங்கும், அதற்குமேல் சர்க்கரை தூவிய ரொட்டியும் சாப்பிட்டான். அவள் எதிரே அமர்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் காது மடல் சிவந்தது. பிறகு கண். பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு சிரிப்பு. மடித்துக்கொண்டிருந்த துணி அவள் கையிலிருந்து நழுவியது. கையும் களவுமாகப் பிடிக்க உட்கார்ந்தவளுக்குப் பிடிக்கக் களவே இல்லை.

அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவன் மெல்லத் திரும்பி, பூட்டிய கதவைப் பார்த்தான்.

"கதவத் திற" என்றான். "குளிருது."

இழுவை, குழறல், கடைசிச் சொல்லில் குரல் உடைகிற விதம் எல்லாம் பெரியவனே. சமையலறை வாசலில் சத்தமில்லாமல் அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர்தான்" என்றாள். "அவர்தான் வந்திருக்கார்."

"அக்கா, சும்மா இருங்க" என்றாள் சின்னவன் மனைவி.

"நீ பாத்தல்ல? ஒரு சொட்டு குடிச்சானா அவன்? அப்புறம் யாரு குடிச்சது?"

சின்னவன் மனைவிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று சாயங்காலம் விளக்கைப் போட்டபிறகுதான் அவளால் பக்கத்து அறைக்குள் போக முடிந்தது.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. சின்னவன் மனைவி மாலை முறை வேலைக்குப் போன நேரங்களில், அண்ணி கொழுந்தனுக்கு இரண்டாவது தடவை சோறு போட ஆரம்பித்தாள். போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து காத்திருப்பாள். எது வயிற்றுக்குள் போனால் பெரியவன் வருகிறான் என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள், ஏன் என்று தெரியாமலே. கொழுந்தனின் கண் சிவந்ததும் முந்தானையைச் சரி செய்துகொள்வாள்.

ஒருநாள் தைரியம் வந்து கேட்டாள்: "என்மேல கோவமா?"

அவன் மேசைமேல் கன்னத்தைச் சாய்த்திருந்தான். "உன்மேல என்ன கோவம்? நீ திறந்திருப்ப. சின்னவன்தான் வேணாம்னான்."

கொழுந்தன் ஒரு நாளும் அவளை 'நீ' என்று சொன்னதில்லை. அண்ணி, நீங்க, வாங்க, அதற்கு மேல் ஒரு சொல் வராது. இப்போது அவளை 'நீ' என்று கூப்பிட உலகத்தில் யாரும் மிச்சமில்லை. அவள் மேசைக்கு மேல் கையை நீட்டினாள், தொடவில்லை, பாதியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அவன் சின்னப் பையன். அவனை விட்டுடுங்க" என்றாள்.

அவன் தூங்கிப்போயிருந்தான். தெளிந்து எழுந்தபோது அவனுக்கு எதுவும் நினைவில்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

சின்னவன் மனைவி விடவில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் தெரியும். பூட்டிய வீட்டில், தன் கண்ணெதிரே, ஒருவன் சோறு தின்று போதை ஏறினான். அதற்குக் காரணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். முதலில் பார்த்த டாக்டர் சிரித்தார். "இங்க வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. குடிய நிறுத்தச் சொல்லுங்க, சரியாயிடும்." இரண்டாவதாகப் போனது பெரிய ஆஸ்பத்திரியில் குடல் நோய்ப் பிரிவு. அங்கே இருந்த பெண் டாக்டருக்குக் கடுமையான ஜலதோஷம். மேசைமேல் கைக்குட்டை குவிந்திருந்தது.

"எனக்கு மூக்கு அடைச்சிருக்கு" என்றார் அவர். "வாடைய வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. அதனால நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்தில் கோத்த சாவியையும் சர்க்கரை தூவிய ரொட்டியையும் விடவில்லை. டாக்டர் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் நெடுநாள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா? சாப்பிட்டான். லிஃப்ட் குழியில் இறங்கியபோது இரும்புச் சட்டம் கிழித்து முழங்காலுக்குக் கீழே சீழ் வைத்துவிட்டது. ஆறுவதாக இல்லை. மாற்றி மாற்றி மாதக்கணக்கில் கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

டாக்டர் அவனை வார்டில் சேர்த்தார். நர்ஸ் பையைச் சோதித்தாள், பாக்கெட்டைச் சோதித்தாள், பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொல்லி வைத்தாள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு பெரிய தம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீர். அதன்பிறகு விட்டு விட்டு ரத்தம். அண்ணியும் மனைவியும் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் கட்டிலில் ஏறி இறங்கிப் போயிற்று. அவனுக்குக் காது சிவந்தது. "அண்ணி, இவங்க குடுக்கற சரக்கு மட்டம்" என்று சொல்லிச் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் டாக்டர் காகிதங்களோடு வந்தார். அவன் தெளிந்து, வெட்கப்பட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"நீங்க குடிக்கல" என்றார் அவர்.

அவன் திரும்பினான். அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்க எத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு அழுதான்.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். எல்லார் குடலிலும் பலவிதக் கிருமிகள் குடியிருக்கும், பெரும்பாலும் நல்லதுதான். நெடுநாள் மாத்திரை சாப்பிட்டதில் அந்த நல்ல கிருமிகள் செத்துவிட்டன. காலியான இடத்தில் ஈஸ்ட் வந்து பெருகிவிட்டது. "ரொட்டி மாவு பொங்கறதுக்குப் போடுவாங்களே, அந்தச் சாதி. அது சர்க்கரையத் தின்னுட்டு மதுவ வெளிய விடும். நீங்க சாப்பிடற சோறு, கிழங்கு எல்லாம் உள்ள போனா சர்க்கரைதான். மத்தவங்க கடையில வாங்கறத உங்க வயிறே காய்ச்சுது. அபூர்வமா வரும், ஆனா வரும். அதக் கொல்ல மருந்து இருக்கு."

மனைவி பெருமூச்சு விட்டாள். முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அதிலேயே அழுதாள். அண்ணி மட்டும் அசையவில்லை.

"டாக்டரம்மா, மாத்திரையாலதான் வருமா? வேற எதனாலயும் வராதா?"

"வரலாம். குடல் மெதுவா வேலை செஞ்சா வரலாம். வயித்துல ஆபரேஷன் ஆனவங்க சிலருக்கு வந்திருக்கு. ஏன் கேக்கறீங்கம்மா?"

அண்ணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "என் வீட்டுக்காரர் கல்யாணத்தப்பக் குடிப்பார். அதுல பொய் இல்ல. அப்புறம் குடல் முறுக்கிக்கிச்சுன்னு வயித்தக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. இனிமே தொட்டா செத்துருவீங்கன்னு பயமுறுத்தி அனுப்பினாங்க. நிறுத்திட்டார். நானே பாத்தேன், நிஜமாவே நிறுத்திட்டார். ஒரு வருஷம் நல்லா இருந்தார். அதுக்கப்புறம்தான் திரும்ப வாடை வந்துது. குடிக்கலைன்னார். என் தலையில கை வெச்சு..."

அவள் கை தன் உச்சந்தலைக்குப் போனது.

டாக்டர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். நிறுத்தினவங்க திரும்பத் தொடறதும் உண்டு, மறைக்கறதும் உண்டு. ரத்தம் எடுத்துப் பாத்திருந்தா சொல்லலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

சின்னவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் முகத்திலிருந்த நிம்மதி எல்லாம் வடிந்துபோயிருந்தது. "கதவத் திற" என்று தான் சொன்னதை மனைவி அவனிடம் சொல்லியிருந்தாள். அது அண்ணன் சொன்னதில்லை, இத்தனை வருடமாகத் தன் காதுக்குள்ளேயே கிடந்து போதையில் வெளியே வந்தது என்று இப்போது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததால் குறைந்தது ஒன்றுமில்லை.

மருந்து தொடங்கியது. சோறு, ரொட்டி, கிழங்கு, சர்க்கரை எல்லாவற்றுக்கும் தடை. முட்டையும் கறியும் கீரையுமாக அவன் தின்று தீர்த்தான். "புதுமாப்பிள்ளைச் சாப்பாடு" என்று தாடி கேலி செய்தான். டாக்டரின் கடிதத்தைப் பார்த்துக் கம்பெனி அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் கைகூடக் குலுக்கினார்.

"அண்ணன அனுப்பினப்ப ஏதாவது பரிசோதனை பண்ணினீங்களா சார்?" என்று சின்னவன் கேட்டான்.

"அப்ப ஏது கருவி? வாடை அடிச்சுது, அனுப்பிட்டோம்" என்றார் அவர். சொன்னபிறகு அவர் முகமும் கொஞ்சம் மாறியது. அவன் எதற்குக் கேட்டான் என்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் வாடை போய்விட்டது. போனபிறகுதான் வீடு காலியானது போலிருந்தது. அண்ணி பேச்சைக் குறைத்துவிட்டாள். சின்னவன் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தான். இருவரும் ஒரே குழாயடியில், ஒரே நடைவழியில் விலகி விலகிப் போனார்கள். மனைவிதான் இருவருக்கும் நடுவே சிரித்துப் பேசிச் சமாளித்தாள். குடித்தே செத்தவன் என்று நினைத்திருந்தவரையில் பெரியவன் போய்ச் சேர்ந்தவனாக இருந்தான். இப்போது அவன் ஒவ்வொரு மாலையும் கதவுக்கு வெளியே நின்றான்.

மருந்து முடிந்து சில வாரம் கழித்து, மனைவி மாலை முறைக்குப் போயிருந்த ஒரு நாள், சின்னவன் வேலைவிட்டு வந்து கைகால் கழுவி உட்கார்ந்தான். அண்ணி அவன் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். தட்டு நிறையச் சோறு. பக்கத்தில் தடிமனாக வெட்டிய ரொட்டி, அதன்மேல் சர்க்கரை.

அவன் தட்டையும் அவளையும் பார்த்தான்.

"அண்ணி. அது நான்தான். அவர் இல்ல."

"தெரியும் தம்பி."

"டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்க."

"கேட்டேன். தெரிஞ்சுதான் வெச்சேன்." அவள் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "ஒரே ஒரு தடவ. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேணாம்னா எடுத்துடறேன்."

அண்ணன் நிஜமாகவே குடித்தானா என்றுதான் அவள் கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பதில் தனக்குள் இல்லை என்பதும் தெரியும். இருந்தும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சோறு முழுவதையும் சாப்பிட்டான். ரொட்டியைச் சாப்பிட்டான். தட்டில் உதிர்ந்த சர்க்கரையை விரலால் தொட்டு நக்கினான். அண்ணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

காத்திருந்தார்கள். கீழே தெருவில் கடைகளை அடைக்கும் சத்தம் வந்தது. அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. நாக்கைப் புரட்டிப் பார்த்தான். எல்லா எழுத்தும் சுத்தமாக வந்தது. மருந்து வேலை செய்திருந்தது. வயிற்றுக்குள் எதுவும் பொங்கவில்லை.

அண்ணி எழுந்து வந்து குனிந்தாள். அவன் வாயைத் திறந்து மூச்சு விட்டான்.

"ரொட்டி வாசனைதான் வருது" என்றாள்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் விளக்கைப் போடப் போகாமல் மறுபடி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமா அண்ணி?" என்றான் சின்னவன்.

"பாக்கலாம்" என்றாள் அவள்.